மனநலப் பிரிவின் சமூகப் பணியாளர் ஏன் வீட்டு விஷயமெல்லாம் கேட்கிறார்?

கேள்வி கேட்டவர் நீளமாக எழுதியிருந்தார். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று சுருக்கித் தருகிறேன். திருகோணமலையில் குச்சவெளிப் பக்கம் வீடு. அப்பாவும் அண்ணனும் கடல் தொழில். 26 வயது அண்ணனை வைத்தியசாலையின் மனநல வாட்டில் சில கிழமை வைத்திருந்து, மனச்சிதைவு என்று சொல்லி, துண்டு வெட்டி மருந்தோடு அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சமூகப் பணியாளர் ஒருவர் இரண்டு தரம் வீட்டுக்கு வந்திருக்கிறார். யார் சமைப்பது, அண்ணன் எங்கே படுக்கிறார், அப்பா குடிப்பாரா, எவ்வளவு கடன், வீட்டில் யார் யாரோடு கதைப்பதில்லை என்று கேட்டு எழுதிக்கொண்டு போனாராம். "டொக்டரே கேட்காததை இந்த மிஸ் ஏன் கேட்கிறா?" என்று அம்மாவுக்குக் கோபம். எழுதினது எங்கே போகும் என்பது உங்களுடைய பயம், ஏனென்றால் உங்களுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் அடியில், நீங்கள் எழுதாத மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன்: அண்ணனுக்குத் திரும்ப வருமா?

நான் இதே மாவட்டத்தில் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகப் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் இல்லை. உங்கள் அண்ணனைப் பார்த்ததும் இல்லை. அதனால் அவருடைய மருந்து, அளவு, எவ்வளவு காலம் என்பதில் நான் வாய் வைக்கமாட்டேன். அதை அவரைப் பார்க்கும் டொக்டரிடம்தான் கேட்க வேண்டும். அந்த மிஸ் ஏன் வந்தார், என்ன செய்யப் பார்க்கிறார் என்பதை மட்டும் என்னால் தெளிவாகச் சொல்ல முடியும்.

கிளினிக் நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலையிலேயே வாங்கு நிறைந்துவிடும். டொக்டருக்கு ஒரு ஆளோடு கதைக்கக் கிடைப்பது சில நிமிடங்கள். நித்திரை வருதா, சாப்பிடுறீங்களா, குரல் கேட்குதா, குளிசை ஒழுங்காகப் போடுறீங்களா என்று கேட்பார். "ஓம் சேர், போடுறன்" என்று பதில் வரும். அவர் கொப்பியில் எழுதிக் கொடுப்பார், ஆள் வீட்டுக்குப் போவார். அடுத்த கிளினிக் வரைக்கும் அந்த மனிதனுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பது சமூகப் பணியாளரின் வேலை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரவில் வலைக்குப் போகிற ஒருவர். குளிசை தொடங்கி நன்றாகத் தேறி வீட்டுக்குப் போனார். சில மாதத்தில் மறுபடியும் வாட்டுக்கு வந்தார், அதன்பிறகு இன்னொரு தரம். கொப்பியில் "மருந்துக்கு ஒத்துழைப்பதில்லை" என்று எழுதப்பட்டிருந்தது. வீட்டுக்குப் போய் அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று மணி மணியாகக் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. இரவு போடச் சொன்ன குளிசை நல்ல நித்திரையைத் தரும். அதைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனால் போட்டில் கண் சொருகும், விழுந்தால் உயிர் போகும். கூடப் போகிறவர்கள் அவரை ஏற்றமாட்டோம் என்றார்கள். ஏற்றாவிட்டால் அன்றைக்கு வீட்டில் உலை இல்லை. ஆகவே தொழிலுக்குப் போகிற நாளெல்லாம் குளிசையை விட்டுவிடுவார், போகாத நாளில் போடுவார். அவருடைய பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் ஒரு பிழையும் இல்லை. இதை டொக்டரிடம் கொண்டுபோனோம். அவர் மாதம் ஒரு தரம் போடுகிற ஊசிக்கு மாற்றினார். சம்மாட்டியோடு, அதாவது வலைக்குச் சொந்தக்கார முதலாளியோடு, கதைத்து பகலில் கரைவலை இழுக்கிற வேலைக்கு அவரை எடுக்க வைத்தோம். சம்பளம் குறைவு, ஆனால் வருடக் கணக்கில் வாட்டுப் பக்கம் வரவில்லை. எல்லாருக்கும் ஊசிதான் சரி என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், அவருக்குச் சரிவந்தது. உங்கள் அண்ணனும் கடலுக்குப் போகிறவர் என்பதால் இந்தக் கதை முதலில் நினைவுக்கு வந்தது. எத்தனை மணிக்குப் போகிறார், எத்தனை மணிக்குக் குளிசை போடுகிறார் என்று அந்த மிஸ் கேட்டாரா? கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள்.

இப்படி இந்த மண்ணுக்கே உரிய சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய இருக்கின்றன. குளோர்ப்ரோமசின் போடுகிறவருக்கு வெயில் பட்டால் தோல் எளிதில் எரிந்து கறுக்கும். கடலிலும் வயலிலும் நிற்பவருக்கு அது சின்ன விஷயமில்லை. லித்தியம் எடுப்பவருக்கு உடம்பில் தண்ணீர் குறைந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடலாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு வரமுதலே அந்தக் குடும்பங்களைப் பார்த்து, டொக்டரிடம் கேட்டுவிட்டு நோன்பு பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு வருவோம். குளோசபின் என்ற மருந்து தொடங்கினால் முதல் 18 கிழமைக்கு ஒவ்வொரு கிழமையும் இரத்தம் பார்ப்பது வழக்கம். வெருகலில் இருந்து கிழமைக்கு ஒரு தரம் டவுனுக்கு வந்து போக பஸ் காசு எங்கே இருந்து வரும்? 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் அந்தப் பக்கத்து ஆட்கள் துறை கடந்துதான் வந்தார்கள், ஒரு கிளினிக்குக்கு முழு நாளும் போய்விடும். கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கேட்பது இதற்குத்தான். காசு இல்லாமல் கிளினிக் தவறுகிற வீட்டுக்கு, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கிராம சேவகரிடமும் போய்க் கதைத்து, கிடைக்கக்கூடிய கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க வைப்போம். கிடைக்கும் என்று உறுதி தர முடியாது. கடிதம் எழுதலாம், பின்னால் போய் நிற்கலாம், அவ்வளவுதான் எங்கள் கையில் இருக்கிறது.

அம்மாவுக்கு அதிகம் கோபம் வந்தது, வீட்டில் யார் யாரோடு சண்டை என்று கேட்டதற்காகத்தான் இருக்கும். இதற்குப் பின்னால் ஒரு நீண்ட ஆராய்ச்சி இருக்கிறது. 1950களில் லண்டனில் ஜோர்ஜ் பிறவுண் என்ற சமூகவியலாளர், மனச்சிதைவு தேறி வாட்டிலிருந்து போனவர்கள் யாரிடம் போனார்கள், அவர்களில் யார் திரும்பி வந்தார்கள் என்று பார்த்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, தனி அறை எடுத்தவர்களும் சகோதரர்களோடு தங்கியவர்களும் குறைவாகத் திரும்பி வந்தார்கள். ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? பிறகு அவரும் கூட இருந்தவர்களும் வீட்டு ஆட்களை நேரில் உட்கார்த்தி, நோயாளியைப் பற்றி எந்தத் தொனியில் கதைக்கிறார்கள் என்று அளந்தார்கள். குறை சொல்வது, வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வளர்ப்பது, இந்த மூன்றில் ஏதாவது கூடுதலாக இருந்த வீடுகளுக்குப் போனவர்களில் 58 வீதமானவர்களுக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. அவை குறைந்த வீடுகளில் 16 வீதம். 1972இல் இது வெளிவந்தது. நான்கு வருடம் கழித்து வோன், லெஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னொரு விஷயத்தைக் காட்டினார்கள். அப்படிப்பட்ட வீட்டிலும் கிழமைக்கு 35 மணித்தியாலத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்குத்தான் ஆபத்துக் கூட.

இதிலிருந்து தவறான முடிவுக்குப் போகக் கூடாது. வீட்டு ஆட்கள் இந்த நோயை உண்டாக்கவில்லை. ஒரு காலத்தில் தாயின் வளர்ப்புத்தான் காரணம் என்று படித்தவர்களே எழுதினார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது, எத்தனையோ அம்மாமாரை அது வீணாக அழ வைத்தது. உங்கள் அம்மாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். வந்த நோய் திரும்புவதையும் திரும்பாமல் இருப்பதையும் வீட்டின் சூடு பாதிக்கிறது என்பது மட்டும்தான் உறுதி. எங்கள் பக்கத்துக் கூட்டுக் குடும்பங்களுக்கு லண்டன் கணக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்டால், அங்கேதான் கொஞ்சம் சந்தேகம். இந்தியாவில் சண்டிகரில் இதே முறையில் பார்த்தபோது, அங்கிருந்த குடும்பங்கள் லண்டன் குடும்பங்களைவிடக் குறைவாகத்தான் குறை சொன்னார்கள். போர், இடம்பெயர்வு, சுனாமி எல்லாம் பார்த்த எங்கள் வீடுகளை அப்படி ஒரு கணக்கில் அடக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் வேலையில் பார்த்ததை வைத்துச் சொன்னால் திசை ஒன்றுதான்.

அது வீட்டில் எப்படி நடக்கிறது என்றால், அண்ணன் காலையில் எழும்பமாட்டார். பாயில் கிடப்பார், குளிக்கமாட்டார், கேட்டால் ஒரு சொல்லில் பதில். அப்பா கடலிலிருந்து களைத்து வருவார், இதைக் காண்பார், "தடிமாடு மாதிரிக் கிடக்கிறான்" என்று தொடங்குவார். கொஞ்சம் குடித்திருந்தால் சத்தம் கூடும். குரல் கேட்பதும் சந்தேகப்படுவதும் நோய் என்று எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். அசையாமல் கிடப்பதும் ஆசை விட்டுப்போவதும் அதே நோய்தான் என்று யாரும் வீட்டுக்காரருக்குச் சொல்வதில்லை. அதைச் சோம்பல் என்று நினைத்து ஏசுகிறார்கள். சில வேளை அது மருந்தின் விளைவாகவும் இருக்கும். கை கால் விறைப்பு, எச்சில் வடிவது, ஒரு இடத்தில் இருக்க முடியாமல் கால் பதைப்பது இருந்தால் டொக்டரிடம் சொல்ல வேண்டும், மாற்று வழி இருக்கிறது. மறுபக்கத்தில் அம்மா. 26 வயது மகனுக்குச் சோறு ஊட்டிவிடுவார், கிணற்றடிக்குக்கூடத் தனியே விடமாட்டார். இதுவும் அந்த மூன்றில் ஒன்று என்று சொன்னால் எந்த அம்மாவுக்கும் கோபம் வரும், எனக்குத் தெரியும்.

அந்த மிஸ் அப்பாவின் குடியைக் கேட்டது அப்பாவைப் பிடித்துக் கொடுக்க இல்லை. அப்பாவும் அண்ணனும் ஒரே கூரைக்குள் விழித்திருக்கும் நேரத்தைக் குறைக்க முடியுமா என்று பார்க்கிறார். நான் என்றால் முதலில் அப்பாவோடுதான் தனியே கதைப்பேன், வீட்டில் இல்லாமல் கரையில், வலை பொத்துகிற இடத்தில். ஆம்பிளைகள் கையில் வேலை இருக்கும்போதுதான் வாய் திறப்பார்கள். மகனுடைய நோயை மற்ற எல்லாருக்கும் விளங்கப்படுத்தியிருப்பார்கள், அப்பாவுக்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்டிருப்பார் அல்லது கேட்பார்: வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, எங்கே வைத்திருக்கிறீர்கள்? தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து வயல் வீடுகளில் இது முதற் கேள்வி. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது, ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அது பாதிக்குக் கீழே வந்தது. கைக்கு எட்டாமல் இருந்தால், சாகத் தோன்றுகிற அந்த நேரம் கடந்துவிடும், ஆள் பிழைப்பார். ஆகவே போத்தலைப் பூட்டி வையுங்கள் அல்லது வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். சாகிற எண்ணம் வருகிறதா என்று அண்ணனிடம் நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பயப்படாமல் கேட்கலாம்.

சரி, எழுதினது எங்கே போகும்? அது நோயாளியின் கோப்பில் இருக்கும். வைத்தியம் பார்க்கும் குழுவில் உள்ளவர்கள், அதாவது டொக்டர், தாதி, சமூகப் பணியாளர் போன்றவர்கள் பார்ப்பார்கள். கிராம சேவகருக்கோ, பாடசாலைக்கோ, கோயில் நிர்வாகத்துக்கோ, உங்களைப் பெண் பார்க்க வருபவர்களுக்கோ அதைக் கொடுக்க யாருக்கும் உரிமையில்லை. கொடுப்பனவுக்குக் கடிதம் எழுதுவதென்றாலும் தேவையானதை மட்டும், உங்கள் சம்மதத்தோடு எழுத வேண்டும். விதிவிலக்கு உண்டு, அதை மறைக்கமாட்டேன். அவருடைய உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று தெரிந்தால், நீதிமன்றம் கேட்டால், நாங்கள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குச் சொல்லவில்லை என்றால் அது அந்த உத்தியோகத்தரின் குறை, அடுத்த முறை கேளுங்கள்.

விதி இப்படி, நடைமுறை எப்போதும் அப்படி இல்லை என்பதும் உண்மை. திருகோணமலை சின்ன இடம். கோப்பிலிருந்து கதை போவதைவிட, சந்தியில் நின்று "இன்னாரின் வீடு எது?" என்று கேட்டதால் போனதுதான் கூட. வைத்தியசாலை வாகனம் வாசலில் நின்றாலே மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும். அதனால் வீட்டுக்கு வராமல் கிளினிக்கிலோ வேறு இடத்திலோ சந்திக்கலாமா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் மொழியும் ஒரு சிக்கல். உத்தியோகத்தர் சிங்களம் மட்டும் பேசுபவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரரை மொழிபெயர்க்கக் கூப்பிட விடாதீர்கள், வீட்டுப் பிள்ளைகளையும் வேண்டாம். பிரிவிலிருந்தே தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள்.

வீட்டில் உள்ளதை மிஸ்ஸிடம் சொன்னால் அண்ணனை அங்கொடைக்கு, அதாவது கொழும்புப் பக்கத்துப் பெரிய மனநல வைத்தியசாலைக்கு, அனுப்பிவிடுவார்களோ என்று அம்மா பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயருக்கு எங்கள் பாட்டிமார் காலத்திலிருந்தே இந்தப் பயம் இருக்கிறது. எங்கள் மனநோய்ச் சட்டம் 1873இல் வந்து 1956இல் திருத்தப்பட்டது, அந்தக் காலத்து மனதோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு, 2005இல் வந்த தேசிய உளநலக் கொள்கையிலிருந்து, மாவட்டத்திலேயே வைத்தியம் பார்ப்பது என்று திசை மாறியது. ஒரு சமூகப் பணியாளர் தான் நினைத்தபடி யாரையும் எங்கேயும் அனுப்ப முடியாது.

உங்கள் கல்யாண விஷயம். பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு இந்த நோய் வரலாம் என்பார்கள். உடன்பிறந்த ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு 100இல் 9 அளவு. அதாவது 91 பேருக்கு வருவதில்லை. இது பெரும்பாலும் 16க்கும் 30க்கும் இடையில் தொடங்குகிற நோய் என்பதையும் கணக்கில் எடுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. என் அபிப்பிராயம், கட்டப்போகிறவருக்கு மட்டுமாவது நீங்களே சொல்வது நல்லது, தரகர் சொல்லக் கூடாது. அண்ணனுக்குக் "கட்டி வைத்தால் சரிவரும்" என்று உறவுக்காரர் யாராவது தொடங்கினால் அதை மட்டும் நிறுத்துங்கள். மறைத்துக் கட்டுவார்கள், மனைவி காணக் கூடாது என்று குளிசையை ஒளித்துப் போடுவார், பிறகு விடுவார், ஆறு மாதத்தில் வாட்டில் இருப்பார். இரண்டு குடும்பம் உடையும். அவருக்குக் கல்யாணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேறி, தொழில் செய்து, தெரிந்துகொண்டு வருகிற ஒரு பெண்ணோடு நன்றாக வாழ்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

கோயில், பரிகாரி, தண்ணீர் ஓதுவது, நூல் கட்டுவது பற்றி: நான் தடுப்பதில்லை. குளிசையை நிறுத்தச் சொல்லக் கூடாது, அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது, இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொள்கிற இடம் என்றால் போய் வாருங்கள்.

கடைசியாக, திரும்ப வருமா? அண்ணனைப் பார்த்து யாராலும் ஓம் அல்லது இல்லை என்று சொல்ல முடியாது. முதல் தரம் நோய் வந்து தேறியவர்களைத் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 1999இல் வந்தது. ஐந்து வருடத்துக்குள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு ஒரு தரமாவது திரும்பியிருந்தது, மருந்தை விட்டவர்களுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. பயமுறுத்த இதை எழுதவில்லை. திரும்பினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது, நேரத்தோடு பிடித்தால் வாட்டுக்குப் போகாமலே சமாளிக்கலாம் என்பதற்காக எழுதுகிறேன். பலருக்கு முதலில் நித்திரைதான் குழம்பும். அப்புறம் தனியே ஒதுங்குவது, தேவையில்லாத சந்தேகம், குளிசை வேண்டாம் என்பது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அடையாளம் உண்டு. ஒருவர் ஒவ்வொரு தரமும் முதலில் வானொலியைக் கழற்றத் தொடங்குவார், இன்னொருவர் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வருவார். போன முறை வாட்டுக்குப் போவதற்கு முந்திய இரண்டு மூன்று கிழமையில் அண்ணன் புதிதாக என்ன செய்தார் என்று அம்மாவோடு இருந்து யோசித்து, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். அண்ணன் நன்றாக இருக்கும் நாளில் அவரிடமும் கேளுங்கள், அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்கும். அந்த மிஸ் மூன்றாம் தரம் வரும்போது அதைக் காட்டி, இதில் ஒன்று தொடங்கினால் அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திராமல் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்த இலக்கத்துக்கு எடுக்க வேண்டும் என்று கேட்டு அதையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரவில், ஒருவரும் கிடைக்காத நேரத்துக்குத் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது, தமிழிலும் கதைக்கலாம்.